உங்களுக்குள் ஒரு குழந்தை அழுகிறதா?

சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று கோபம் வருகிறதா? யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் ராத்திரி பூரா அதையே நினைத்துக்கொண்டு புரள்கிறீர்களா? நாலு பேர் பாராட்டினாலும் குறை சொன்ன அந்த ஒருத்தர் வார்த்தைதான் காதில் ஒலிக்கிறதா? 'முடியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சரிங்க' என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் உள்ளுக்குள் புழுங்குகிறீர்களா?

நாலுக்கும் 'ஆமாம்' என்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குள் காயம்பட்ட குழந்தை ஒன்று மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறதாம். சின்ன வயதில் அப்பா அடித்தது, அம்மா கவனிக்காமல் விட்டது, எல்லாம் அந்தக் குழந்தையின் மேல் தழும்பாகப் படிந்திருக்கிறதாம். கண்ணை மூடி, அதைத் தேடிப் பிடித்து, மடியில் வைத்துக் கொஞ்சி, ஆறுதல் சொன்னால் உங்கள் கோபம், பயம், குடும்பத் தகராறு எல்லாம் தீர்ந்துவிடுமாம்.

இதற்கு 'இன்னர் சைல்டு' என்று பெயர். உள்ளிருக்கும் குழந்தை! புத்தகங்களில் வருகிறது, செல்போனில் வீடியோவாக வருகிறது, ரெண்டு நாள் முகாம் என்று பணம் கட்டியும் போகிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா? மனோதத்துவ ஆராய்ச்சி இதைப் பற்றி என்ன சொல்கிறது? உங்கள் பணமும் குடும்ப நிம்மதியும் இதில் மாட்டியிருப்பதால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

தறிக்குழியில் கழிந்த பிள்ளைப்பருவம்

இந்தப் பேச்சைக் காஞ்சிபுரத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் சொகுசு வீட்டில் வளர்ந்தவர்கள், 'என் அப்பா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை' என்று சொல்லி அழுததில் பிரபலமானது இந்த வைத்தியம். காஞ்சிபுரத்திலோ பிள்ளைப்பருவத்துக் கஷ்டம் என்பது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சமாசாரமே இல்லை.

பட்டுப்புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று இருக்கிறதல்லவா? அதைக் கோர்வை போட்டு நெய்வார்கள். ரெண்டு கரைக்கும் தனித்தனி நாடா, உடலுக்கு ஒரு நாடா. நெசவாளர் ஒருவரே மூன்றையும் ஓட்டுவது சிரமம். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். பெரிய ஆளுக்குக் கூலி கட்டுப்படியாகாது. எனவே, அந்த இடத்தில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வீட்டுத் தறியில் சொந்தப் பிள்ளை. அது போதாதபோது, பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்த அடுத்த வீட்டுப் பிள்ளை. கடன் தீரும்வரை பையன் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. பெரும்பாலும் கடன் தீர்ந்ததே இல்லை.

மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு தமிழ்நாட்டையும், அதில் காஞ்சிபுரத்தையும் சேர்த்து எழுதினார்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும், வாரத்தில் ஆறரை நாள், ஏழு நாள் என்று பிள்ளைகள் வேலை செய்ததாக அதில் இருக்கிறது. இத்தனைக்கும் 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. துணி நெசவு அதன் தடைப் பட்டியலில் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் குடும்பத்தார் நடத்தும் வேலைக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். 'எங்க பிள்ளைதாங்க' என்று சொன்னால் போதும்! 2016-ல் சட்டத்தைத் திருத்தி, பதினாலு வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். அதிலும் பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு சந்து இருக்கிறது.

அன்று கரை நாடா தள்ளிய பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. அவர்களில் ஒருவருக்குத் தூக்கமில்லை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லை என்றால், 'உங்களுக்குள் குழந்தை அழுகிறது' என்பதை உடனே நம்பிவிடுவார். ஏன், நீங்களும் நானும்கூட நம்புவோம். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்கிறேன்.

யார் பெற்ற குழந்தை இது?

1940-ல் ஸ்விட்சர்லாந்து மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங், உலகத்துப் புராணங்களில் எல்லாம் ஏன் தெய்வக் குழந்தை வருகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேசியது புராணக் குறியீட்டைப் பற்றி. 1963-ல் மிசில்டைன் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர், பழைய பிள்ளைப்பருவம் நமக்குள் தொடர்கிறது என்று புத்தகம் போட்டார். எரிக் பெர்ன் என்பவர் நம் ஒவ்வொருவருக்குள்ளும் பெற்றோர், பெரியவர், குழந்தை என்று மூன்று நிலைகள் இருப்பதாகச் சொல்லி 1964-ல் புத்தகம் எழுத, அது சக்கைப்போடு போட்டது.

இதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் ஜான் பிராட்ஷா. பாதிரியார் ஆகப் படித்தவர், குடிப்பழக்கத்தில் இருந்து மீண்டவர், டி.வி-யில் பேசியே புகழ் பெற்றவர். 1990-ல் இவர் எழுதிய புத்தகமும் நடத்திய முகாம்களும் அமெரிக்காவைக் கலக்கின. நடுத்தர வயதுக்காரர்கள் கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தேம்பி அழுதார்கள். 1992-லேயே வெண்டி காமினர் என்ற எழுத்தாளர், 'எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் நிஜமாகப் பாதிக்கப்பட்டவர் யார்?' என்கிற ரீதியில் இந்த அலையைப் பிய்த்து உதறினார்.

கவனித்தீர்களா? புராணக் குறியீடாக ஆரம்பித்தது, உவமையாகி, கடைசியில் உள்ளே நிஜமாகவே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. விஞ்ஞானிகளின் முதல் ஆட்சேபணையே இதுதான். 'மனசு கல்லாகிவிட்டது' என்று சொல்கிறோம். அதற்காக யாராவது உளி எடுத்துக்கொண்டு கிளம்புவார்களா? மூளையை எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் ஐந்து வயதில் வளராமல் நின்றுபோன தனிப் பகுதி எதுவும் கிடையாது. அனுபவம் மூளையை மாற்றுகிறது என்பது உண்மை. ஐந்து வயதிலும் மாற்றுகிறது, ஐம்பது வயதிலும் மாற்றுகிறது.

இரண்டாவது ஆட்சேபணை, இதைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை என்பது. 'சின்ன வயசுல ரொம்பக் கஷ்டம்' என்றால், 'பார்த்தீர்களா, அதுதான்!' என்பார்கள். 'இல்லைங்க, சந்தோஷமாத்தான் இருந்தேன்' என்றால், 'வலியை அழுத்தி வைத்திருக்கிறீர்கள்' என்பார்கள். எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகாத ஒரு கொள்கை, விஞ்ஞானக் கணக்கில் சேராது.

ஆமாம், ஆரம்பத்தில் நான் கேட்ட அந்த நாலு கேள்விகள்? அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு மனோதத்துவப் பரீட்சை வைத்தார். ஒவ்வொருவருக்கும் 'உன் குணம் இதுதான்' என்று எழுதிக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 மார்க் வந்தது. அப்புறம்தான் ரகசியத்தை உடைத்தார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! அதில் இருந்த வரிகள் ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்தவை. இந்த 'இன்னர் சைல்டு' கேள்விப் பட்டியல்களும் அதே ரகம்தான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று யாரைக் கேட்டாலும் நாலில் மூன்றுக்காவது 'ஆமாங்க' என்பார்கள்.

நினைவு என்ன, அத்தி வரதரா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். முகாம்களில் கண்ணை மூடச் சொல்லி, 'உங்கள் ஐந்து வயது வீட்டுக்குப் போங்கள், கதவைத் திறங்கள், உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள்?' என்று கேட்பார்கள். அங்கே தெரிகிற காட்சி அப்படியே நடந்த உண்மை என்பது இந்த வைத்தியத்தின் அஸ்திவாரம்.

வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் இருந்து அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை எழுந்தருளுவது உங்களுக்குத் தெரியும். 1979-ல் வந்தார், 2019-ல் வந்தார், 48 நாள் சேவை சாதித்துவிட்டு மறுபடி நீருக்குள் போய்விட்டார். நாம் நம்முடைய நினைவுகளையும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். நாற்பது வருஷமாக மனக்குளத்தின் அடியில் பத்திரமாக இருக்கிறது, இறங்கித் தேடினால் அதே உருவில் மேலே வரும் என்று.

நினைவு அப்படிக் கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாக நெய்கிறது. பாவு பழசாக இருக்கலாம். ஊடை இன்றைய மனநிலை, அக்கா சொன்ன கதை, பார்த்த சினிமா, எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்வி என்று எது வேண்டுமானாலும் ஆகலாம். நெய்து முடித்த பிறகு எது அசல் நூல், எது புது நூல் என்று நமக்கே தெரியாது. மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்களோ பெரும்பாலானவர்களுக்கு நினைவிலேயே நிற்பதில்லை.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை நிரூபித்துக் காட்டினார். 1995-ல் வெளியான ஆய்வு. 24 பேரிடம், அவர்கள் வீட்டார் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு ஒரு பொய்ச் சம்பவத்தையும் சேர்த்துக் கொடுத்தார். 'ஐந்து வயதில் நீ கடைவீதியில் தொலைந்துபோய் அழுதாய், ஒரு வயதானவர் காப்பாற்றினார்' என்று. நாலில் ஒருவர், நடக்காத அந்தச் சம்பவத்தை ஓரளவாவது 'நினைவுபடுத்தி' சொன்னார்! 2023-ல் 123 பேரை வைத்து இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது நூற்றுக்கு 35 பேர் அப்படிச் சொன்னார்கள்.

இது ஏதோ ஆய்வுக்கூட விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் அமெரிக்கா, இங்கிலாந்தில் எத்தனையோ குடும்பங்கள் இதனால் உடைந்தன. மனக்கவலைக்குச் சிகிச்சைக்குப் போன பெண்கள், ஹிப்னாடிசம், 'வழிகாட்டும் கற்பனை' என்று பல முறைகளில், தகப்பனார் தங்களைச் சீரழித்ததாக முன்பு இல்லாத நினைவுகளோடு திரும்பினார்கள். வழக்குகள் நடந்தன. பிறகு அவர்களில் சிலர், 'அது நடக்கவில்லை, சிகிச்சையில் உருவானது' என்று சொல்லி வைத்தியம் செய்தவர்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள். 1997-ல் பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி, மறந்துபோன பலாத்கார நினைவுகளைத் தோண்டி எடுக்கும் முறைகளைத் தவிர்க்கும்படி தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை நம் நாட்டிலும் சர்வசாதாரணம். மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைத் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஒருவர் தனக்கு நடந்ததை என்றுமே மறக்காமல், சொல்ல முடியாமல் வைத்திருந்து இன்று சொன்னால் அதை நம்பிக் கேட்க வேண்டும். 'கற்பனை' என்று தட்டிக்கழிப்பது மகா பாவம். ஆராய்ச்சி எச்சரிப்பது வேறு: எந்த நினைவும் இல்லாதவரைக் கண் மூடவைத்துத் தோண்டுவது.

2019-ல் வெளியான இன்னொரு பெரிய தொகுப்பாய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. சிறு வயதிலேயே கொடுமை பதிவு செய்யப்பட்டவர்களையும், பெரியவர்களாகி 'எனக்கு நடந்தது' என்று சொன்னவர்களையும் 16 ஆய்வுகளில் இருந்து ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்! பதிவில் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிற்பாடு அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் பதிவில் இல்லை. பின்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. எத்தனையோ கொடுமைகள் பதிவாவதே இல்லையே. ஆனால் இன்றைய நினைவை வைத்து அன்றைய கதையை அடித்துச் சொல்ல முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

தலையணையை அடித்தால் கோபம் தீருமா?

'அந்தக் குழந்தையின் கோபத்தை வெளியே விடுங்கள்' என்று தலையணையைக் குத்தச் சொல்வதும் உண்டு. 2002-ல் பிராட் புஷ்மன் என்பவர் 600 மாணவர்களைக் கோபப்படுத்தி, ஒரு பிரிவினரைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது! சும்மா இருந்தவர்கள்தான் சாந்தமானார்கள். நம் பாட்டிமார் 'போய் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு வா' என்றதில் அர்த்தம் இருக்கிறது.

அப்படியானால் சின்ன வயதுக் கஷ்டம் பெரியவர்களைப் பாதிக்காதா? பாதிக்கும். 1998-ல் கலிஃபோர்னியாவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற டாக்டர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், சிறு வயதுத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக் கூட மனச்சோர்வு, குடி, இதய நோய் எல்லாமே கூடுவது தெரிந்தது. ஆனால் இது கூட்டத்துக்குச் சொல்கிற கணக்கு. தனி ஒருவரின் தலையெழுத்தைச் சொல்வதல்ல. ஹவாய்த் தீவுகளில் காவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோர் சண்டை, குடி என்று பல ஆபத்துகளுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். பாட்டியோ, டீச்சரோ, யாரோ ஒரு பெரியவரின் அன்பு அவர்களுக்குக் கிடைத்திருந்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்கீமா தெரபி' என்று ஒரு முறை உண்டு. அதிலும் 'குழந்தை நிலை' என்ற வார்த்தை வருகிறது. கடும் ஆளுமைக் கோளாறு உள்ள 86 பேரை வைத்து நெதர்லாந்தில் மூன்று வருஷம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில் அது நல்ல பலன் கொடுத்தது. ஆனால் அது பயிற்சி பெற்ற நிபுணர்கள் வாரம் ரெண்டு முறை வீதம் வருஷக்கணக்கில் செய்த சிகிச்சை. அவர்கள் 'குழந்தை' என்பது ஒரு மனநிலைக்கு வைத்த பெயர்தான். அந்த ஆய்வைக் காட்டி ரெண்டு நாள் முகாமுக்கு டிக்கெட் விற்றால் ஏமாறாதீர்கள். அழுது முடித்தால் மனசு லேசாவது உண்மைதான். நல்ல சினிமா பார்த்து அழுதாலும் லேசாகிறது.

ஐம்பது வயது நெசவாளர் ஒருவர்

பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். (யார் என்று தேடாதீர்கள், உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். இப்போது ரெண்டு மாசமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டில் எரிந்து விழுகிறார், தறிமேல் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. 'மாமா, எல்லாம் உங்க சின்ன வயசுப் பாதிப்பு, ஒரு முகாம் இருக்கு வாங்க' என்று மருமகன் கூப்பிடுகிறான்.

முகாமில் என்ன நடக்கும்? அவர் அப்பாவைத் திட்டச் சொல்வார்கள். கடன்காரனுக்குப் பயந்து, வேறு வழியில்லாமல் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்த அப்பா அவர்! கூலியையும் முன்பணத்தையும் சட்டத்தையும் விட்டுவிட்டு, பழி முழுவதும் செத்துப்போன ஒரு ஏழை மனிதன் தலையில் விழும். எனக்கு இந்த வைத்தியத்தில் ரொம்பவும் உறுத்துகிற இடம் இதுதான்.

டாக்டரிடம் போனால்? சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ரத்தசோகை பார்ப்பார். 'குடிக்கிறீங்களா?' என்று கேட்பார். 'உயிரோட இருந்து என்னன்னு தோணுதா?' என்றும் கேட்பார், கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இத்தகைய சோர்வு, 'டிப்ரஷன்' என்கிற நோயாக இருக்கலாம். மருந்து உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு. கோவாவில் 495 நோயாளிகளை வைத்து நடந்து, 'லான்செட்' பத்திரிகையில் 2017-ல் வந்த ஆய்வைப் பாருங்கள். டாக்டர் அல்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு முதல் எட்டுத் தடவை சந்தித்துப் பேசினார்கள். குழந்தையைத் தேடவில்லை. இன்று என்ன வேலை செய்யலாம், யாரைப் பார்க்கலாம், எந்தச் சிக்கலை முதலில் அவிழ்க்கலாம் என்று மட்டும் பார்த்தார்கள். மூன்று மாசத்தில் நூற்றுக்கு 64 பேர் நோயில் இருந்து வெளியே வந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 பேர்தான்.

பழையதைப் பேசவே கூடாதா என்றால், தாராளமாகப் பேசலாம். தறிக்குழியில் கால் மரத்துப்போனது, பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டு ஏங்கியது, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்ல ஹிப்னாடிசம் தேவையில்லை, கேட்க ஒரு ஆள் போதும்.

யாரிடமாவது பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள்? கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா? எனக்கு என்ன பிரச்னை என்று நினைக்கிறீர்கள்? எத்தனை தடவை வர வேண்டும், குணமாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, வீட்டாரோடு பேச்சை முறிக்கச் சொன்னாலோ, உங்களுக்கு ஞாபகமே இல்லாத ஒன்று 'நடந்திருக்கும்' என்று அவரே எடுத்துக் கொடுத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரியிலும் மனநல டாக்டரைப் பார்க்கலாம். உங்கள் தெருவில் இன்றைக்கும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வேலைக்குப் போகிறதா? 1098-க்கு ஒரு போன் போடுங்கள்.

அந்த நெசவாளருக்கும், அவர் வயதில் 'படிக்காமப் போயிட்டேனே' என்று இன்னும் மருகுகிற அக்காமார்களுக்கும் ஒரு தகவல். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்தபட்ச வயது பதினாலு. உச்ச வரம்பு கிடையாது.